முதல் 14 நாட்களை இன்றே முடிவு செய்யுங்கள்: பெருந்தொற்றுத் திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெருந்தொற்றுத் தயார்நிலைத் திட்டங்களை எழுதுவோர், திருத்துவோர், கையெழுத்திடுவோர் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரர்களைப் பார்க்கும் சுகாதாரச் செவிலியர். நீங்கள் எழுதும் திட்டம் பல கை மாறி, கடைசியில் ஒரு சுற்றறிக்கையாக என் பைக்குள் வந்து சேரும். அதை வாசலில் நின்று மக்களுக்குச் சொல்கிறவள் நான். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த இன்ஃபுளுயன்சா (ஃப்ளூ) பெருந்தொற்று தொடங்கியதும் முதல் 14 நாளில் யார், எந்த அறிகுறியைப் பார்த்து, என்ன செய்வது என்பதை இன்றைக்கே முடிவு செய்து எழுதி வையுங்கள். ‘சூழ்நிலைக்கேற்ப உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற வரி உங்கள் திட்டத்தில் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அதை அடித்துவிடுங்கள். அந்த வரியை நம்பி உட்கார்ந்தால் இரண்டு வாரம் கூட்டம் நடத்துவதிலேயே போய்விடும். அந்த இரண்டு வாரம் நம் கையில் இருக்காது.

ஏன் இருக்காது என்பதற்கு ஃப்ளூ வைரஸின் வேகமே பதில். உடலுக்குள் புகுந்து சராசரியாக இரண்டு நாளில் காய்ச்சல் தெரிகிறது. காய்ச்சல் தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பிருந்தே மூச்சு வழியாக வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்ச் சேர மூன்று நாள் போதும். 1918இல் உலகையே உலுக்கிய ஃப்ளூ பெருந்தொற்றைப் போல ஒருவர் இரண்டு பேருக்குக் கொடுக்கும் வைரஸ் என்றால், மூன்று நாளுக்கு ஒருமுறை புது நோயாளிகள் இரட்டிப்பாவார்கள். 14 நாளில் அது சுமார் 25 மடங்கு. இன்று 40 பேர் என்றால் கூட்டங்கள் முடிந்து கையெழுத்தாகும் அன்று 1,000 பேர்.

கோவிட் காலத்துப் பாடங்களை அப்படியே எடுத்து இதற்குப் போட முடியாததும் இதனால்தான். கோவிட்டின் தொடக்கத்தில் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக ஐந்து நாள் அளவில் எடுத்தது. நோயாளி யாரோடு பழகினார் என்று கேட்டு, தேடிப்பிடித்து, தனியே வைக்கக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. ஃப்ளூவில் நான் பட்டியலை எழுதி முடிப்பதற்குள் பட்டியலில் இருப்பவர்கள் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டிருப்பார்கள். மருந்தும் ஊசியும் இல்லாமல் பரவலைத் தடுக்கும் வழிகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஃப்ளூவுக்குத் தொடர்பு தேடுதலைப் பரிந்துரைக்கவில்லை. நோயாளியோடு பழகிய, ஆனால் நோய் தெரியாத ஆட்களைத் தனிமைப்படுத்துவதையும் பரிந்துரைக்கவில்லை. முதல் சில நோயாளிகளை வைத்து வைரஸின் குணத்தைத் தெரிந்துகொள்ள அந்த வேலை தேவைதான். அதற்கு மேலும் எங்களை அதில் கட்டிப்போட்டால், வீட்டில் மூச்சுத் திணறிக் கிடப்பவரைப் பார்க்கப் போக ஆள் இருக்காது. இதை நீங்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

இரண்டு வாரத் தாமதத்துக்கு என்ன விலை என்பதை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. 1918 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பொதுமக்களிடையே முதல் நோயாளிகள் தெரியவந்தார்கள். நகர நிர்வாகம் கவலைப்பட ஒன்றுமில்லை என்றது. செப்டம்பர் 28 அன்று போர்க் கடன் பத்திரம் விற்பதற்காகப் பெரிய ஊர்வலம் நடந்தது. தெருவில் திரண்டவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். பள்ளிகளையும் தேவாலயங்களையும் திரையரங்குகளையும் மூடும் உத்தரவு வந்தது அக்டோபர் 3இல், அதாவது முதல் நோயாளிகள் தெரிந்து 16 நாள் கழித்து. அதற்குள் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன.

அதே நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் முதல் நோயாளிகள் தெரிந்தது அக்டோபர் 5. சுகாதார ஆணையர் மாக்ஸ் ஸ்டார்க்லாஃப் அக்டோபர் 7இலேயே கூட்டங்களுக்குத் தடை கொண்டுவந்தார். இரண்டே நாள். கடைக்காரர்களும் சமயத் தலைவர்களும் எதிர்த்தார்கள், அவர் அசையவில்லை. பிலடெல்பியாவில் மிக மோசமான வாரத்தில் வழக்கத்துக்கு மேலான இறப்பு லட்சம் பேருக்கு 257. செயின்ட் லூயிஸில் 31. அந்த இலையுதிர்காலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் பிலடெல்பியாவில் லட்சத்துக்கு 719, செயின்ட் லூயிஸில் 347. இதே கணக்கைப் பல நகரங்களுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வுகள் 2007இல் வந்தன. சீக்கிரம் தொடங்கி, பல வழிகளை ஒன்றாகச் சேர்த்து, நீண்ட நாள் கைவிடாமல் இருந்த நகரங்களில் சாவு குறைவு என்று அவை காட்டின.

செயின்ட் லூயிஸுக்கு ஒரு வசதி இருந்தது உண்மைதான். கிழக்குக் கரை நகரங்கள் படும் பாட்டை அது முன்கூட்டியே பார்த்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் அங்கே இருந்தவர்கள் முடிவெடுத்து வைத்தார்கள். நோய் ஊருக்குள் வந்ததும் செய்தார்கள். 1918க்குப் பிறகு 1957, 1968, 2009 என மூன்று பெருந்தொற்றுகளைப் பார்த்த தலைமுறைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறீர்கள் நீங்கள். உங்களிடம் இருக்கும் முன்னறிவிப்பு ஸ்டார்க்லாஃபிடம் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. செயின்ட் லூயிஸில் நவம்பர் நடுவில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். நோய் மறுபடி தலைதூக்கியது. பள்ளிகளை மறுபடி மூட வேண்டியதாயிற்று. முக்கியக் கட்டுப்பாடுகள் அமலில் இருந்த காலத்தில் இரண்டாம் அலை கண்ட நகரம் அந்த 2007 ஆய்வுகளில் ஒன்றில் ஒன்றுகூட இல்லை. கட்டுப்பாடுகளை விலக்கிய பிறகே அலை வந்தது. ஆகவே எப்போது தொடங்குவது என்று எழுதும்போதே எப்போது, எந்த வரிசையில் தளர்த்துவது என்பதையும் எழுதுங்கள். களைத்துப்போன நிர்வாகமும் களைத்துப்போன மக்களும் சேர்ந்து அன்றைக்கு எடுக்கும் முடிவு சரியாக இருக்காது.

‘எப்படியும் எல்லோருக்கும் வரப்போகிறது, மெதுவாக வந்தால் என்ன, வேகமாக வந்தால் என்ன’ என்று கேட்பவர்கள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள். அவர்களுக்காக இன்னொரு கணக்கு. எந்தத் தடுப்பும் செய்யாமல் விட்டால், ஒருவர் இரண்டு பேருக்குக் கொடுக்கும் வைரஸ் மக்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேரைத் தொட்டுவிட்டுத்தான் ஓயும். ஒருவர் சராசரியாக 1.5 பேருக்கு என்று குறைந்தால் 58 சதவீதம். 1.2 என்றால் 31 சதவீதம். வைரஸை விரட்டவே முடியாவிட்டாலும், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாலே கோடிக்கணக்கானவர்கள் அந்த அலையில் நோயில்லாமல் தப்புகிறார்கள். நோயுற்றவர்களும் ஒரே வாரத்தில் வந்து விழாமல் பல வாரங்களில் பிரிந்து வருகிறார்கள். ஒரு கட்டிலுக்கு மூன்று பேர் காத்திருக்கும் வாரத்தையும் கட்டில் கிடைக்கும் வாரத்தையும் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு ஏட்டில் மட்டும் இல்லை. கோவிட்டுக்காகச் செய்தவை 2020–21இல் பருவகால ஃப்ளூவை உலகம் முழுக்க ஏறக்குறையக் காணாமல் ஆக்கின. பி வகை ஃப்ளூவில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு இயற்கையாகப் பரவியதாக உறுதி செய்யப்படவே இல்லை. அதைத் தடுப்பூசியிலிருந்தே எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். அந்த அளவு கடுமை ஃப்ளூவுக்குத் தேவையில்லை என்பதே இதில் நான் பார்க்கும் நல்ல செய்தி. கோவிட்டை அடக்க முடியாத கட்டுப்பாடுகள்கூட ஃப்ளூவை அடக்கின. இடையில் தடுப்பூசி வரும்வரை தாக்குப்பிடிப்பது நம்மால் முடிகிற காரியம்.

தடுப்பூசி வர எத்தனை நாள் என்பதையும் நேராகப் பேசிக்கொள்வோம். புது வைரஸைப் பிரித்தெடுத்ததிலிருந்து முதல் ஊசிகள் கைக்கு வரப் பழைய முறையில் நான்கு முதல் ஆறு மாதம். 2009 ஏப்ரலில் எச்1என்1 என்ற புதிய ஃப்ளூ வைரஸ் அடையாளம் காணப்பட்டது. ஜூன் 11இல் பெருந்தொற்று என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் இரண்டாம் அலை அக்டோபர் இறுதியில் உச்சத்தைத் தொட்டபோது ஊசி அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது அலை இறங்கிய பிறகு. புதிய தொழில்நுட்பங்கள் இந்தக் காலத்தைக் குறைக்கலாம். குறைந்தாலும் முதல் மாதங்களில் நம்மிடம் இருப்பது நடத்தை, காற்று, இடைவெளி, வீட்டில் இருத்தல் இவைதான்.

இவற்றில் எது முதலில் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன்: நோயுற்றவர் வீட்டில் இருப்பது. காய்ச்சல் வந்த முதல் இரண்டு மூன்று நாளில்தான் ஒருவரிடமிருந்து வைரஸ் மிக அதிகமாக வெளியேறுகிறது. அந்த நாட்களில் அவர் நாலு பேரோடு கலக்காமல் இருந்தால் அதற்கு ஈடான கட்டுப்பாடு வேறில்லை. அதற்காகப் பள்ளியை மூட வேண்டியதில்லை, கடையை அடைக்க வேண்டியதில்லை, ஊரை முடக்க வேண்டியதில்லை. எல்லாத் திட்டங்களிலும் இது இருக்கிறது. ‘நோய் அறிகுறி உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்க அறிவுறுத்தப்படுகிறார்கள்’ என்று ஒரே வரியில் இருக்கிறது.

அந்த வரியை வாசலில் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மூட்டை தூக்கும் ஒருவர், வயது நாற்பதுக்குள். உடம்பு அனலாகக் கொதிக்கிறது, கண் சிவந்திருக்கிறது, சட்டையை மாட்டி வேலைக்குக் கிளம்பி நிற்கிறார். சட்டைப் பையில் பாராசிட்டமால் அட்டை. இரண்டு மாத்திரை ஏற்கெனவே போட்டாயிற்று. “அஞ்சாறு நாள் வீட்டிலேயே இருங்கண்ணே” என்கிறேன். அவர் கோபப்படவில்லை. “இருக்கலாம்மா. அஞ்சாறு நாள் கூலியை யார் தருவா? நான் போகாட்டி நாளைக்கு அந்த இடத்துல வேற ஆள் நிப்பான்” என்கிறார். உள்ளே மனைவி கைப்பிள்ளையோடு நிற்கிறார், எதுவும் பேசாமல். நான் ஒரு முகக்கவசத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறேன். வேறென்ன செய்ய? என் பையில் கூலி இல்லை. இது ஒருவர் கதை அல்ல. அதே பேச்சை வேறு வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். வீட்டு வேலை செய்யும் அம்மா, வண்டி ஓட்டும் தம்பி, ஒப்பந்தத்தில் மருத்துவமனையில் துடைத்துப் பெருக்கும் அக்கா. கடைசியாக நான் சொன்ன அந்த அக்கா காய்ச்சலோடு வார்டுக்குள் போகிறார் என்பதைக் கவனியுங்கள்.

உலகத்தில் வேலை பார்ப்பவர்களில் பத்தில் ஆறு பேர் முறைசாரா வேலையில் இருப்பவர்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் என்பது அவர்கள் கேள்விப்படாத சங்கதி. இந்தக் கோரிக்கை புதிதும் அல்ல. நோயுற்ற தொழிலாளிக்கு உதவித்தொகை என்ற உடன்படிக்கையை அதே அமைப்பு 1927இலேயே நிறைவேற்றியது. சம்பளத்தோடு நோய் விடுப்பைச் சட்டமாக்கிய அமெரிக்க நகரங்களில் ஃப்ளூ போன்ற காய்ச்சல்கள் குறைந்ததைப் பொருளியல் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இதை உங்களில் பலர் ‘சமூக நலத்துறை சமாச்சாரம்’ என்று தள்ளிவைக்கிறீர்கள். கூலி என்பது ஃப்ளூ விஷயத்தில் ஊசி, மாத்திரை போல ஒரு தடுப்புக் கருவி. அதற்குத் திட்டத்தில் தனிப் பக்கம் வேண்டும், நிதி ஒதுக்கீடு வேண்டும், மூன்றாம் நாளே கையில் பணம் சேரும் வழி வேண்டும்.

அதையும் சிக்கலாக்கிவிடாதீர்கள். மருத்துவச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பணம் என்று எழுதினால், காய்ச்சல்காரர்கள் அத்தனை பேரும் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பார்கள். பரப்புவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தொலைபேசியில் சொன்னால் போதும் என்று வையுங்கள். சிலர் பொய் சொல்லுவார்கள். சொல்லட்டும். பொய்க்குப் போகும் பணத்தைவிட வரிசையில் பரவும் நோய்க்கு ஆகும் செலவு பெரிது. எத்தனை நாள் என்பதிலும் எளிய விதி போதும்: காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருக்கும்வரை வீட்டில் இருப்பது. பெரும்பாலோருக்கு அது ஐந்து முதல் ஏழு நாளுக்குள் முடிந்துவிடும்.

மூட்டை தூக்குபவரின் பையிலிருந்த அந்த மாத்திரை அட்டை இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. விமான நிலையத்தில் நெற்றிக்கு நேராக நீட்டும் வெப்பமானி. இரண்டு மாத்திரை போட்டவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். நோய் உள்ளே இருந்தும் காய்ச்சல் இன்னும் வராதவரும் தாண்டிப் போவார். நுழைவாயில் பரிசோதனையையும் 2019 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. ஆனால் கேமராவில் நன்றாகத் தெரிவது அதுதான் என்பதால், முதல் வாரத்தில் பணமும் ஆளும் அங்கேதான் போகின்றன. அந்த ஆட்களை எங்களோடு அனுப்புங்கள்.

எல்லையை மூடுவது பற்றிக் கேட்பீர்கள். 1918 நவம்பர் 7 அன்று ஃப்ளூ நோயாளிகள் இருந்த டாலூன் என்ற கப்பலைப் பசிபிக் கடலில் உள்ள மேற்குச் சமோவாவில் உள்ளே விட்டார்கள். அந்தத் தீவு மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல், ஏறத்தாழ 8,500 பேர், இறந்துபோனார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைக் கண்டிப்பாகத் தடுத்தார். அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. தீவுக்கு, தனித்து நிற்கக்கூடிய இடத்துக்கு, அது உயிர் காக்கும். நிலத்தால் இணைந்து கிடக்கும் நாடுகளுக்கு அது சில வாரத் தாமதத்தைத் தரும், அவ்வளவே. அந்தச் சில வாரத்தில் உள்ளே எதையும் தயார் செய்யாவிட்டால் அந்தத் தாமதமும் வீண்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டங்களில் கை கழுவுதலுக்கு இருக்கும் இடம் ஜன்னலுக்கு இல்லை. 1977இல் அலாஸ்காவில் ஒரு விமானம் என்ஜின் கோளாறால் மூன்று மணி நேரம் தரையிலேயே நின்றது. உள்ளே காற்றோட்டம் ஓடவில்லை. 54 பேர் ஏறியிருந்த அந்த விமானத்தில் ஒருவருக்கு ஃப்ளூ. மூன்று நாளுக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். எல்லோரும் கையை நன்றாகக் கழுவியிருந்தாலும் அந்த விமானத்தில் பெரிதாக மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். பள்ளி, அலுவலகம், பேருந்து, காத்திருப்புக் கூடம் ஆகியவற்றில் காற்று மாறுகிறதா என்று பார்ப்பது பெருந்தொற்று வருவதற்கு முன் செய்யும் வேலை. வந்த பிறகு சுவரை உடைத்து ஜன்னல் வைக்க முடியாது. முகக்கவசத்தைப் பொறுத்தவரை, பரிசோதனைகளில் தெரிந்த பலன் மிதமானது. இருமுகிறவர் போட்டுக்கொள்வதும், மூடிய அறையில் நெருங்கி வேலை செய்பவர்கள் போட்டுக்கொள்வதும் நல்லது. எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகப் பொருந்தும் கவசம் கட்டாயம் வேண்டும், அதுவும் முதல் நாளிலிருந்தே.

பள்ளி விஷயம் கஷ்டமானது. ஃப்ளூவைப் பரப்புவதில் பிள்ளைகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அவர்களிடமிருந்து வைரஸ் கூடுதல் நாட்களுக்கு வெளியேறுகிறது. அதனால் கோவிட்டைவிட ஃப்ளூவில் பள்ளியை மூடுவதற்கு அறிவியல் காரணம் வலுவாக இருக்கிறது. 2009இல் மெக்சிகோ ஏப்ரல் இறுதியில் நாடு முழுக்கப் பள்ளிகளை மூடியது. ஆனால் வகுப்பில் பாதிப்பேர் படுத்த பிறகு மூடுவதால் பலனில்லை. அதற்குள் பரவ வேண்டியது பரவிவிட்டது. மூடினால் சீக்கிரம் மூட வேண்டும். சில வாரங்களில் திறக்கவும் வேண்டும். கோவிட்டில் பல இடங்களில் பிள்ளைகள் ஓராண்டுக்கு மேல் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். எழுத்தை மறந்துவிட்ட பிள்ளைகளை நான் வீடுகளில் பார்த்தேன். அதை மறுபடி செய்ய எந்தக் குழுவுக்கும் உரிமை கிடையாது. அதிகபட்சம் எத்தனை வாரம் என்பதைத் திட்டத்திலேயே எழுதுங்கள். பள்ளியில் கிடைத்த சாப்பாடு அந்த வாரங்களில் எப்படி வீடு வந்து சேரும் என்று எழுதுங்கள். செவிலியரின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பள்ளி மூடிய மறுநாள் வார்டில் பாதிப்பேர் இருக்க மாட்டோம். பிள்ளைகளைப் பாட்டி தாத்தாவிடம் விட்டால் ஆபத்து எங்கே போகிறது என்பதையும் அந்த வைரஸ் யாரைத் தாக்குகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். 1918இல் இளம் வயதினர் ஏராளமாக இறந்தார்கள். 2009இல் முதியவர்களில் பலருக்குப் பழைய நோயெதிர்ப்பு மிச்சமிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் 65க்குக் கீழே.

ஆக, ஒரே திட்டம் எல்லா வைரஸுக்கும் பொருந்தாது. மெல்லியது, நடுத்தரம், கொடியது என்று மூன்று தரத்துக்கு மூன்று திட்டம் எழுதுங்கள். எந்தத் தரம் என்று தெரியாத முதல் நாட்களில் கடுமையானது என்றே வைத்துத் தொடங்கி, தெரிந்ததும் இறக்குங்கள். இறக்கும்போது ஏன் இறக்குகிறீர்கள் என்று மக்களிடம் சொல்லுங்கள். 1918இல் போரில் இருந்த நாடுகள் பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போட்டன. ‘பயப்பட வேண்டாம்’ என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த தெருக்களில் மக்கள் பிணங்களைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எதையும் நம்பவில்லை. எங்கள் வேலை முழுக்க நம்பிக்கையில் ஓடுவது. ‘இது எங்களுக்கு இன்னும் தெரியாது, வெள்ளிக்கிழமைக்குள் தெரியும்’ என்று நீங்கள் சொன்னால் அதை நான் வாசலில் நின்று தைரியமாகச் சொல்வேன். பொய்யைச் சொல்லச் சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது.

மருந்து பற்றிச் சுருக்கமாக: ஓசெல்டாமிவிர் போன்ற ஃப்ளூ வைரஸை எதிர்க்கும் மாத்திரைகள் முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். கிடங்கில் லட்சம் மாத்திரை இருந்தும், அது நோயாளி கைக்கு வர நான்கு நாள் ஆனால் பயன் குறைவு. 1918இல் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கடைசியில் கொன்றது ஃப்ளூவின் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா. ஆகவே நியுமோகாக்கல் தடுப்பூசி (பாக்டீரியா நிமோனியாவைத் தடுப்பது), ஆன்டிபயாடிக், ஆக்சிஜன் ஆகிய சாதாரணப் பொருட்களின் இருப்பும் பெருந்தொற்றுத் திட்டத்தின் பகுதியே.

இதையெல்லாம் ஏன் இப்போது கேட்கிறேன் என்றால், எச்5என்1 பறவைக் காய்ச்சல் 2003 முதல் 900க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்து, அதில் ஏறக்குறைய பாதிப்பேரைக் கொண்டுபோயிருக்கிறது. 2024 மார்ச்சில் அது கறவை மாடுகளிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இன்னும் சுலபமாகப் பரவக் கற்கவில்லை. அடுத்தது அதுவாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். எதுவானாலும் முதல் 14 நாள் ஒரே மாதிரிதான் ஓடும்.

எனவே உங்களிடம் இருக்கும் வரைவில் இவை இருக்கின்றனவா என்று தயவுசெய்து இந்த வாரமே பாருங்கள். உத்தரவில் கையெழுத்திடுபவர் யார், அவர் ஊரில் இல்லையென்றால் யார். எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் கூட்டம் போடாமலே உத்தரவு வெளியாகும். அந்த உத்தரவின் வாசகம் தேதிக்கு மட்டும் இடம் விட்டு இப்போதே தயாராக இருக்கிறதா, சட்டத்துறை பார்த்துவிட்டதா. கூலி எந்த நிதியிலிருந்து, எந்த வழியில், எத்தனை நாளில் போய்ச் சேரும். தனியே அறை இல்லாத வீட்டில் காய்ச்சல்காரர் எங்கே படுப்பார். தளர்த்தும் நாளை எந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்வீர்கள்.

வரைவை முடித்ததும் பெட்டியில் பூட்டாதீர்கள். வெளியிடுங்கள். வார்டில் துடைப்பவர், வண்டி ஓட்டுபவர், பள்ளி ஆசிரியர், எங்களைப் போன்ற செவிலியர் எல்லோரையும் உட்கார வைத்து ஒருநாள் ஒத்திகை பாருங்கள். முதல் நாள் காலை, ஆறாம் நாள், பதினான்காம் நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போங்கள். எங்கே பதில் இல்லையோ அங்கே எழுதுங்கள். அந்த ஒத்திகைக்கு எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்; என்னோடு வேலை செய்கிறவர்களையும் கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சமுதாயச் சுகாதாரச் செவிலியர்